ஆந்திர எல்லையில் மனை வாங்குவோர் கவனத்துக்கு: முகவருக்குப் பதிவு வழங்குவது யார், தவறினால் தண்டிப்பது யார்?

வரதய்யபாளையம்: தமிழ்நாட்டில் பதிவு பெற்ற ரியல் எஸ்டேட் முகவர் ஒருவர், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள மனைப்பிரிவை அந்தப் பதிவைக் கொண்டே விற்றுத்தர முடியாது. முகவருக்கு வழங்கப்படும் பதிவு அதை வழங்கிய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்கிறது மத்தியச் சட்டம். திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையம், சத்தியவேடு பகுதிகளில் மனை தேடும் தமிழ்நாட்டினர் பலருக்கும் தெரியாத விதி இது.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியின் நில வணிகத்தை மாற்றியமைத்தது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். சென்னையிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவில், சத்தியவேடு, வரதய்யபாளையம் ஆகிய இரு மண்டலங்களில் பரவியுள்ள இந்நகரம் 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் தடாவும் அருகில் இருப்பதால், தொழிற்சாலைகளைத் தொடர்ந்து மனைப்பிரிவுகளும் வந்தன. நிலம் ஆந்திரத்தில் இருக்கிறது; வாங்குபவர் தமிழ்நாட்டில் இருக்கலாம்; இடையில் நிற்கும் முகவர் இரண்டில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பணம் கைமாறிய பின் சிக்கல் எழுந்தால், முகவரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் எந்த ஆணையத்துக்கு உண்டு என்பது அப்போதுதான் முக்கியமாகிறது.

சட்டம் வந்த விதம்

நிலத் தரகு நாட்டில் நெடுங்காலம் உரிமம் தேவைப்படாத தொழிலாகவே இருந்தது. ஹரியாணா போன்ற சில மாநிலங்கள் மட்டுமே தனிச் சட்டம் கொண்டிருந்தன. அந்த மாநிலம் 2008-இல் சொத்துத் தரகர்களுக்கென ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான விதி, ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 மூலமே வந்தது. 2016 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய இச்சட்டம், அதே ஆண்டு மே 1 முதல் ஒரு பகுதியாகவும், 2017 மே 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் மத்திய அரசுடையது என்றாலும், அதைச் செயல்படுத்துவது மாநில அளவிலான ஒழுங்குமுறை ஆணையங்கள். பேச்சு வழக்கில் இவை 'ரெரா' எனப்படுகின்றன. ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களும் 2017-இல் தத்தமது விதிகளை அறிவித்தன. வரதய்யபாளையத்தில் உள்ள மனைப்பிரிவுக்கும், அதை விற்றுத்தரும் முகவருக்கும் ஆந்திரப் பிரதேச ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமே பொறுப்பு. வாங்குபவர் சென்னையில் வசித்தாலும், முன்பண ரசீது சென்னையில் எழுதப்பட்டாலும் இது மாறாது.

முகவர் என்பவர் யார்?

பெயர்ப் பலகை வைத்து அலுவலகம் நடத்துபவர் மட்டுமே முகவர் என்று சட்டம் கருதவில்லை. ஒரு திட்டத்தில் உள்ள மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லது கட்டடத்தின் விற்பனையில் ஒருவர் சார்பாக மற்றொருவருடன் பேசி முடித்து, அதற்குக் கமிஷனாகவோ வேறு பெயரிலோ கூலி பெறும் எவரும் முகவரே. வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகம் வழியாகவேனும் அறிமுகப்படுத்தி வைப்பவரும் இந்த வரையறைக்குள் வருகிறார். சொத்து வணிகர், தரகர், இடைத்தரகர் என எப்பெயரில் அழைக்கப்பட்டாலும் விதி ஒன்றுதான். அதாவது, வாட்ஸ்அப் குழுவில் மனை விளம்பரத்தைப் பகிர்ந்து, ஆள் பிடித்துக் கொடுத்து, கமிஷன் பெறுபவரும் பதிவு இன்றி அதைச் செய்ய முடியாது.

பதிவு எவ்வாறு வழங்கப்படுகிறது?

சட்டத்தின் 9-ஆவது பிரிவு முகவர் பதிவை விளக்குகிறது. தனிநபரோ நிறுவனமோ உரிய படிவத்தில், கட்டணத்துடன் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பான் எண், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன், நிறுவனமாக இருந்தால் அதன் பதிவு ஆவணங்களும் கோரப்படுகின்றன.

ஆணையம் விண்ணப்பத்தை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். நிராகரிப்பதானால் காரணங்களை எழுத்துமூலம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் விண்ணப்பதாரர் தம் தரப்பைக் கூற வாய்ப்பும் அளிக்க வேண்டும். விதிகளில் குறித்த காலத்துக்குள் ஆணையம் குறைகளையோ நிராகரிப்பையோ தெரிவிக்காவிட்டால், பதிவு கிடைத்துவிட்டதாகவே சட்டப்படி கருதப்படும்.

பதிவுச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்தாக வேண்டும். ஒவ்வொரு முகவருக்கும் தனிப் பதிவு எண் உண்டு. அவர் முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிடுவது கட்டாயம்.

இந்தப் பதிவு முகவரின் நேர்மைக்கோ திறமைக்கோ அளிக்கப்படும் நற்சான்று அன்று. சட்டம் முகவருக்குக் கல்வித் தகுதி எதையும் விதிக்கவில்லை, தேர்வும் கோரவில்லை. இன்னார், இன்ன முகவரியில், இத்தொழிலைச் செய்கிறார் என்று அரசுக்குத் தெரியும் என்பதும், அவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆணையம் உண்டு என்பதுமே பதிவின் பொருள்.

மாநிலத்துக்கு ஒரு பதிவு

ஒரு முகவருக்கு அந்த மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவு வழங்கப்படும் என்று 9-ஆவது பிரிவு கூறுகிறது. திருப்பதியில் தொழில் செய்பவர் விசாகப்பட்டினத்தில் விற்றுத்தர மீண்டும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியில் தொழில் செய்பவர், எல்லைக்கு அப்பால் உள்ள வரதய்யபாளையத்துத் திட்டத்தை விற்றுத்தர வேண்டுமானால் ஆந்திர ஆணையத்திடம் தனியே பதிவு பெற வேண்டும்.

எனவே, எல்லைப் பகுதியில் முகவர் காட்டும் சான்றிதழ் உண்மையானதுதானா என்பதோடு, அதை வழங்கியது எந்த மாநிலம் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ்நாடு ஆணையத்தின் உண்மையான சான்றிதழ்கூட ஆந்திர மனைக்குச் செல்லாது.

முகவர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

சட்டத்தின் 10-ஆவது பிரிவு முகவரின் கடமைகளை வரையறுக்கிறது. அவற்றில் முதன்மையானது, ஆணையத்தில் பதிவு செய்யப்படாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது என்பது. முகவருக்குப் பதிவு இருந்தும் மனைப்பிரிவுக்குப் பதிவு இல்லையென்றால் அந்த விற்பனை விதிமீறலே. முகவரின் எண்ணுடன் திட்டத்தின் எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் பேணிக் காப்பது இரண்டாவது கடமை. மூன்றாவது, நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஈடுபடாமை. இல்லாத ஒப்புதல் இருப்பதாகக் கூறுவது, வழங்க எண்ணமே இல்லாத சேவைகளை விளம்பரம் செய்ய அனுமதிப்பது, சேவை குறித்துத் தவறான எண்ணத்தை உருவாக்குவது ஆகியவை இதில் அடங்கும். வாய்மொழியாகச் சொன்னாலும் துண்டறிக்கையில் அச்சிட்டாலும் பொறுப்பு ஒன்றே. ஒப்புதல் பெறாத மனைப்பிரிவை 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று கூறி விற்கும் முகவர் நேரடியாக இந்த வரம்புக்குள் வருகிறார்.

முன்பதிவு செய்யும் நேரத்தில் வாங்குபவருக்குச் சேர வேண்டிய அனைத்துத் தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்வதும் முகவரின் கடமை. "பணம் கட்டுங்கள், பத்திரம் பிறகு காட்டுகிறோம்" என்ற வழக்கமான பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

தவறினால் என்ன நடவடிக்கை?

ஆணையத்திடம் இரண்டு வகையான ஆயுதங்கள் உள்ளன. ஒன்று, பதிவின் மீதான நடவடிக்கை. முகவர் நிபந்தனைகளை மீறினாலோ, பொய்த் தகவல் அளித்தோ மோசடி செய்தோ பதிவு பெற்றிருந்தாலோ, பதிவை ரத்து செய்யலாம் அல்லது தக்க காலத்துக்கு நிறுத்திவைக்கலாம். இதற்கு முன்பும் முகவரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும்.

மற்றொன்று அபராதம். பதிவின்றித் தொழில் செய்தாலோ 10-ஆவது பிரிவின் கடமைகளை மீறினாலோ, விதிமீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது 62-ஆவது பிரிவு. முகவர் விற்றுத்தந்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை இது உயரலாம். உதாரணமாக, 20 லட்சம் ரூபாய் மனை ஒன்றை விற்றுத்தந்திருந்தால் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். பத்தே நாள்களில் அந்த வரம்பை எட்டிவிடும். கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முகவர் ஈட்டியது 40,000 ரூபாய். ஈட்டியதைவிட இரண்டரை மடங்கை இழக்க நேரிடும்.

ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாத முகவருக்கும் நாள்தோறும் அபராதம் உண்டு. அதற்கும் உச்சவரம்பு 5 சதவீதம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் சாத்தியம்.

இவற்றுடன் ஓசையற்ற தண்டனை ஒன்றும் உள்ளது. பதிவு பெற்ற முகவர்களின் பெயர், புகைப்படம் ஆகியவற்றுடன், பதிவு நிராகரிக்கப்பட்ட அல்லது ரத்து செய்யப்பட்ட முகவர்களின் விவரங்களையும் பொதுமக்கள் பார்க்கும் வகையில் ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது 34-ஆவது பிரிவு.

அபராதம் சேருமிடம்

முகவர் கட்டும் அபராதம் ஏமாற்றப்பட்டவருக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. அபராதத் தொகை மாநில அரசு குறிப்பிடும் கணக்கில் சேர்கிறது. மனைக்காகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது வேறு நடைமுறை.

பொய் விளம்பரத்தை நம்பி ஏற்பட்ட இழப்புக்கும், குறித்த காலத்தில் ஒப்படைக்காததற்கும், நில உரிமையில் குறை இருந்ததற்கும் இழப்பீடு வழங்கும் பொறுப்பைச் சட்டம் திட்டத்தின் மேம்பாட்டாளர் மீதே சுமத்துகிறது. நில உரிமைக் குறைக்கான இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலவரம்புகூட இல்லை. வட்டி, அபராதம், இழப்பீடு ஆகியவற்றைச் செலுத்தத் தவறினால், நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கவும் வழியுண்டு. இவ்விதி முகவருக்கும் பொருந்தும். 2021 நவம்பரில் 'நியூடெக் புரோமோட்டர்ஸ்' வழக்கில், வாங்குபவர் செலுத்திய தொகையைத் திருப்பித் தர உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, முகவர் மீதான நடவடிக்கை அடுத்தவர் ஏமாறாமல் தடுக்கும். ஏற்கெனவே ஏமாந்தவரின் பணத்தை அது மட்டுமே மீட்டுத் தராது. மேம்பாட்டாளர் யார் என்றே தெரியாமல் முகவரிடம் ரொக்கமாகக் கொடுத்தவரின் நிலை மேலும் கடினமாகிறது.

எங்கே முறையிடுவது?

பாதிக்கப்பட்ட எவரும் மேம்பாட்டாளர் மீதும் முகவர் மீதும் 31-ஆவது பிரிவின்கீழ் புகார் அளிக்கலாம். வரதய்யபாளையம் மனை தொடர்பான புகார், ஆந்திர ஆணையத்துக்கே செல்ல வேண்டும். புகார்தாரர் தாமே முன்னிலையாகலாம். வழக்கறிஞர் அல்லது பட்டயக் கணக்காளரையும் நியமிக்கலாம். மனுக்களை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும், அதன்பின் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம்.

ஆணையத்தின் வரம்பில் உள்ள விவகாரங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படவில்லை என்று 2020 நவம்பரில் 'இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் வசிப்போருக்கு இது பயனுள்ள வழி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. எனினும், வெறும் நில விற்பனை சேவை ஆகாது. சாலை, வடிகால் போன்ற வசதிகளுடன் மேம்படுத்தித் தருவதாகக் கூறி விற்கப்படும் மனையே சேவை என்ற வரம்புக்குள் வரும் என்பதை 2012-இல் 'நர்னே கன்ஸ்டிரக்ஷன்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

திட்டமிட்ட மோசடி எனில் காவல் துறையிடம் குற்றவியல் புகார் அளிப்பதற்கும் ரெரா சட்டம் தடையாக இல்லை.

சட்டத்துக்கு எட்டாத இடங்கள்

முகவர் பதிவு விதி, மேம்பாட்டாளர் விற்கும் திட்டங்களைப் பற்றியது. ஏற்கெனவே மனை வாங்கிய ஒருவர் அதை மற்றொருவருக்கு மறுவிற்பனை செய்யும்போது இடையில் நிற்கும் தரகர் பொதுவாக இதற்குள் வருவதில்லை. விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே கைமாற்றித் தருபவரும் அவ்வாறே. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்டுக்கு மேற்படாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கும் பதிவு கட்டாயமில்லை.

கிராமங்களும் வயல்களும் நிறைந்த எல்லை மண்டலங்களில் இந்த விலக்குகள் முக்கியமானவை. விவசாய நிலத்தைப் பண்ணை மனை என்ற பெயரில் துண்டுதுண்டாக விற்கும்போது, 'இதற்கு ரெரா தேவையில்லை' என்று முகவர் கூறினால் அது உண்மையாகவும் இருக்கலாம், விதிமீறலை மறைக்கும் சாக்காகவும் இருக்கலாம். மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறை அல்லது நகர்ப்புற மேம்பாட்டு ஆணையத்தின் ஒப்புதல் உள்ளதா என்பதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நில உரிமையும் தனியே சரிபார்க்கப்பட வேண்டியதே. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒதுக்கிய நிலங்களின் கைமாற்றத்தை ஆந்திரத்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதிவு செய்யத் தடை விதிக்கப்பட்ட நிலங்கள் '22-ஏ' பட்டியலில் இடம்பெறுகின்றன. முகவரின் பதிவு எண் சரியாக இருப்பது, நிலம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.

பிற இடங்களில்

முகவர் பதிவை வெறும் விண்ணப்ப நடைமுறையாக விட்டுவிடாமல் ஒரு படி முன்னே சென்ற மாநிலம் மகாராஷ்டிரம். அங்கு 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டன. உரிய காலத்துக்குள் தகுதிச் சான்று பெறாத சுமார் 20,000 முகவர்களின் பதிவை அம்மாநில ஆணையம் 2024-இல் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது.

சிங்கப்பூரில் 2010-இல் அமைக்கப்பட்ட சொத்து முகவர் மன்றம், தேர்வில் வென்றவர்களையே பதிவு செய்கிறது. வீடு, மனை விற்பனைக்கான பணத்தை முகவர் தம் கையால் வாங்குவதற்கே அங்கு தடை உள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், உரிமம் பெற்ற முகவரின் மோசடியால் பணம் இழந்து, நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றும் வசூலிக்க முடியாதவர்களுக்கு, ஒரு பரிவர்த்தனைக்கு 50,000 டாலர் வரை அரசின் மீட்பு நிதி வழங்குகிறது. இந்தியச் சட்டத்தில் முகவரின் மோசடிக்கு இத்தகைய நிதி ஏற்பாடு இல்லை.

முன்பணம் கொடுக்கும் முன்

ஆகவே, வரதய்யபாளையத்தில் மனை வாங்குவோருக்கான பாதுகாப்பு பெரும்பாலும் பணம் கொடுப்பதற்கு முந்தைய நேரத்திலேயே உள்ளது. முகவரின் ஆந்திரப் பதிவு எண்ணையும், திட்டத்தின் ஆந்திரப் பதிவு எண்ணையும் கேட்டு, இரண்டையும் ஆந்திர ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்பிட வேண்டும். பதிவு காலாவதி ஆகிவிட்டதா, மேம்பாட்டாளர் அறிவித்த முகவர்களில் இவர் பெயர் உள்ளதா என்பதையும் பார்க்கலாம்; திட்டத்தைப் பதிவு செய்யும்போது மேம்பாட்டாளர் தம் முகவர்களின் பெயரையும் முகவரியையும் அளிக்க வேண்டும் என்பது சட்டம்.

வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் தனியே சரிபார்க்க வேண்டும். பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் செலுத்தாமல், திட்டத்துக்கான வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெற வேண்டும். பதிவு செய்யப்பட்ட எழுத்துமூல விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க மேம்பாட்டாளருக்கு உரிமையில்லை. அதற்கு மேல் கேட்கப்பட்டால், கேட்பவர் யாராக இருந்தாலும் மறுப்பதற்கு வாங்குபவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.